நாற்பது பேர் கலியாணமும் ஒரு சோடிச் சப்பாத்தும்

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நான் நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாயா என்று அறியும் ஆவலும் இந்த வாரம் என்னிடம் கையிருப்பில் இல்லை. லூயிஷாம் வீட்டு முன்னறையில், உப்புப் போட்ட சுடுதண்ணீர் வாளிக்குள் இரண்டு கால்களையும் ஊறவிட்டபடி இதை எழுதுகிறேன். உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்த மனிதனின் உள்ளங்காலிலும் இவ்வளவு பெரிய கொப்புளங்கள் வந்ததில்லை. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, கடலை அளவுதான் என்கிறாள். அவளுக்கு அளவு தெரியாது. நாலு பேருக்கென்று உலை வைத்து நாற்பது பேருக்குச் சோறு மிச்சம் வைப்பவள். நாற்பது என்ற எண்ணை இந்த வீட்டில் இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

இதைத் தமிழில் எழுதுவது உன்னைத் தண்டிப்பதற்காக. ஆங்கிலத்தில் எழுதினால் ரயிலில் நின்றபடி ஒரு கண்ணால் வாசித்துவிட்டு மறு கண்ணால் மறந்துவிடுவாய். தமிழென்றால் நீ எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் தேம்ஸ் நதி வற்றிவிடும். ஆகவே இதை நீ கட்டப்போகிற யாழினியிடம் கொடு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டிக் கிண்ணங்களாக வாங்கிக் குவித்த பிள்ளை. அவள் உரக்க வாசிக்கட்டும், நீ கதிரையில் நேராக இருந்து கேள். யாழினி, பிள்ளை, கோபம் உன்மேல் இல்லை. ஆனாலும் கோபமான இடங்களை அடக்கி வாசிக்காதே.

வழக்கு என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் முப்பது வருஷம் தென் லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றேன். அந்த மகத்தான சம்பவத்தைக் கொண்டாட என்று நீ என்னையும் அம்மாவையும் மெக்சிகோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். உனக்கும் யாழினிக்கும் கலியாணம் நிச்சயமான செய்தி எங்களுக்குத் தெரியும். எங்கே, எந்த மண்டபம் என்று கேட்டபோதெல்லாம் 'பார்த்துச் சொல்லுறன்' என்று மழுப்பிக்கொண்டிருந்தாய். அங்கே ஒருநாள் எங்களை ஒரு வழிகாட்டியோடு சுற்றுலா வான் வண்டியில் ஏற்றினாய். காலையில் மாயா மக்களின் பழைய நகரம், மதியத்தில் இயற்கை, பின்னேரம் கிராம வாழ்க்கை. அந்த ஒரு நாளில்தான், என் ஒரே மகனின் கலியாணம் எங்கே நடக்கப் போகிறது என்பதை, முன்பின் தெரியாத ஒரு தொப்பிக்காரனின் வாயால் நான் அறிந்தேன். அதற்குப் பிறகு நான் உன்னோடு பேசவில்லை. அத்திலாந்திக் சமுத்திரம் முழுவதையும் மகனுக்குப் பக்கத்து சீற்றில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கடந்த ஒரே தகப்பன் நான்தான். இப்போது நீ அம்மாவுக்குப் போன் எடுத்து, அப்பா கலியாணத்துக்கு வருவாரோ மாட்டாரோ என்று கேட்டிருக்கிறாய். பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. யாழினி, அவனைக் கடைசித் தாளை முதலில் பார்க்க விடாதே.

விடியற்காலையில் ஹோட்டல் வாசலுக்கு வந்த அந்த வெள்ளை வானிலிருந்தே என் கோபத்தைத் தொடங்குகிறேன். சாரதி ஒரு பச்சைப் பிள்ளை. வேகத்தடை என்ற ஒன்றை வாழ்க்கையில் முதல்முறை காண்பவன்போல ஒவ்வொன்றின் மேலும் பறந்தான். அந்த நாட்டு வேகத்தடையும் லேசானதல்ல. யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. அந்த வேகத்தடைகளில் ஒன்றைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் மறுநாளே அதன் உச்சியில் முருகன் கோயில் கட்டிவிடுவோம். எனக்குப் பொய்ப்பல் இல்லை. இருந்திருந்தால் முதல் ஊரிலேயே இறங்கிப் போயிருக்கும். பிறேக்கை எப்போது மிதிக்க வேண்டும் என்று பின் சீற்றிலிருந்து நான் சொல்லிக்கொண்டு வந்ததை நீ ஒரு அவமானமாக நினைத்துக் காதில் இயர்போனைச் செருகினாய். வழிகாட்டி லாசரோ மட்டும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய ஓலைத்தொப்பி, சின்ன உடம்பு, அந்த மண்ணிலேயே பிறந்த மாயா மனிதர். அப்போது அவர்மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. அது பின்னேரம் வரை நீடித்தது.

காட்டுக்குள்ளே அந்தப் பழைய நகரம் இருந்தது. மரங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு கல் மலை. படி படியாக, கூம்பிக்கொண்டு, உச்சியில் ஒரு சின்ன அறை. அதுதான் கர்ப்பக்கிருகம், அங்கே மழைக் கடவுளுக்குப் பூசை நடந்தது, மேலே ஏறக் கட்டுப்பாடு இருக்கிறது, கீழே சுற்றி வரலாம் என்று லாசரோ விளக்கினார். பூசை என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், என் காலும் உன் அம்மாவின் காலும் தாமாகவே செருப்பைக் கழற்றின. அதற்கு மூளை தேவையில்லை. லூயிஷாம் சிவன் கோயில் வாசலில் ஆயிரம் சோடிக்கு நடுவே கழற்றிப் பழகிய கால்கள். அம்மா கழற்றியதோடு நிற்கவில்லை. வழிக்கென்று கொண்டுவந்த பருத்தித்துறை வடைப் பையை எடுத்து, வாய் வைத்த சாப்பாட்டோடு உள்ளே போகக்கூடாது என்று, ஒரு மரத்தடியில் என் செருப்பின் மேல் பத்திரமாக வைத்தாள். அப்போதுதான் நீ வந்தாய், கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சப்பாத்துமாக.

"அப்பா, ப்ளீஸ். செருப்பைப் போடுங்கோ. இது கோயில் இல்லை, ரூயின். உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

நீ லாசரோவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், மன்னிக்க வேண்டும், இவர்கள் எங்கே போனாலும் இப்படித்தான் என்றாய். மெதுவாகச் சொன்னதாக நினைத்தாய். மேல்தட்டுப் பின் சீற்றில் பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் சிகரெட் பெட்டியைத் திறக்கிற சத்தத்தைக் கீழே ஸ்டியரிங்கில் இருந்தபடி கேட்டவன் நான். மகனே, இவர்கள் என்ற அந்தச் சொல்லை எடுத்து வைத்திருக்கிறேன். நீ எங்களோடு வந்தவன் அல்ல, எங்களைக் கட்டி மேய்க்க வந்தவன் என்று அந்த ஒரு சொல் எனக்குச் சொல்லிற்று. நாளைக்கு யாழினியின் தாய் தகப்பனைப் பற்றியும் எங்கோ ஒரு தொப்பிக்காரனிடம் இப்படிச் சொல்வாய் என்றால், கலியாணத்துக்கு முன்பே அவள் உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அவளை உரக்க வாசிக்கச் சொன்னேன்.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். நீ யுனிவர்சிட்டியில் படித்த காலத்தில், ஒரு லீவுக்கு ஊருக்குப் போனோம். இராணுவம் பல வருஷம் வைத்திருந்த எங்கள் பகுதிக் காணிகளை அப்போதுதான் விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலைப் பார்க்கப் போனோம். கூரை இல்லை. கதவு இல்லை. மூலஸ்தானத்தில் சாமியும் இல்லை, வௌவால் எச்சம் மட்டும். சுவரைப் பிளந்துகொண்டு ஒரு ஆலங்கன்று. தரையெல்லாம் முள்ளும் உடைந்த ஓடும். நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நீ உன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். யாரும் உனக்குச் சொல்லவில்லை. உள்ளே ஒருத்தரும் இல்லை என்று நீயும் அன்றைக்கு எனக்குச் சொல்லவில்லை. காலில் முள் ஏறி, நொண்டிக்கொண்டு வெளியே வந்தாய். அந்தப் பிள்ளையை நான் லண்டனுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேனா, இல்லை அங்கேயே விட்டுவிட்டு வேறு யாரையோ விமானத்தில் ஏற்றி வந்தேனா என்று அந்தக் கல் மலையின் அடியில் நின்று யோசித்தேன். யோசித்தது நிழலில் இல்லை, கொதிக்கிற சுண்ணாம்புக் கல்லின் மேல். ஒவ்வொரு அடியும் தோசைக்கல்லில் வைத்த மாதிரி. அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள், நான் பின்னே துள்ளினேன். முழுச் சுற்றும் சுற்றினோம். எந்தச் சாமி என்று தெரியாமலே அவள் கைகூப்பி நின்றாள். என்ன கேட்டாய் என்று கேட்டேன். இவன்ரை கலியாணம் நாலுபேர் மெச்ச நல்லபடி நடக்கவேணும் எண்டு என்றாள். அந்தச் சாமியின் ஊரிலேயே அது நடக்கப் போகிறது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். நீ மரநிழலில் நின்று எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வந்தபோது மரத்தடியில் ஒரு பெரும்படை நின்றது. நீண்ட மூக்கு, வளையம் வளையமாகக் கோடு போட்ட வால், பூனைக்கும் கீரிக்கும் நரிக்கும் ஒரே வீட்டில் பிறந்த மாதிரி ஒரு சாதி மிருகம். கோவாட்டி என்று லாசரோ சொன்னார். ஒரு லட்சம் நின்றன. நீ ஐந்து என்பாய். பையைக் கிழித்து, மிளகாயும் பெருஞ்சீரகமும் போட்டு உன் அம்மா இரண்டு நாள் நின்று சுட்ட வடையை, பருத்தித்துறையில் பிறந்தவைபோல நொறுக்கிக்கொண்டிருந்தன. வடை எண்ணெய் ஊறிய என் வலது செருப்பைப் படைத் தலைவன் வாயில் கவ்விக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டான். லாசரோ தன் தொப்பியைக் கழற்றி வீசி, "சப்பாத்தோ, சப்பாத்தோ" என்று கத்தியபடி பின்னால் ஓடினார். ஸ்பானிஷிலும் அதற்கு அதே பெயராம். எங்களிடம் போர்த்துக்கேயன் வந்துவிட்டுப் போனான், அவர்களிடம் ஸ்பானியன். இரண்டு பேரும் கோயிலை இடித்துவிட்டுக் காலில் போடுவதற்கு ஒரு சொல்லை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

செருப்பு கிடைக்கவில்லை. நான் ஒற்றைச் செருப்போடு, ஆனால் மிகுந்த கம்பீரத்தோடு நின்றேன். நீ வந்தாய். உன் வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றி என் முன்னே போட்டாய். போட்டாய் என்றுதான் எழுதுகிறேன், வைத்தாய் என்று எழுத மாட்டேன். எனக்குக் குனிய ஏலாது என்று தெரிந்து, நீயே நிலத்தில் முழந்தாள் போட்டு, என் காலை உள்ளே தள்ளிக் கயிறு கட்டினாய். இழுத்த இழுப்பில் என் கணுக்கால் இரண்டு துண்டாகியிருக்கும். பிறகு வெறும் சொக்ஸோடு வானை நோக்கி நடந்தாய். உன் காலளவு எனக்குப் பெரிது. ஒவ்வொரு சப்பாத்துக்குள்ளும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். அன்று முழுவதும் நீ குனிந்தது அந்த ஒரு தரம்தான். அதையும் குறித்து வைத்திருக்கிறேன், நியாயம் என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதால்.

அடுத்து இயற்கை. நிலத்தில் ஒரு பெரிய ஓட்டை, அதற்குள் மரப்படியால் இறங்கினால் பாதாளக் கிணறு, பச்சை நிறத்தில் குளிர்ந்த தண்ணீர். இந்தப் பகுதியில் ஆறு கிடையாது, நிலம் முழுவதும் சுண்ணாம்புக் கல், மழைத் தண்ணீர் கீழே இறங்கி இப்படிக் கிணறாகிறது, அடி ஆழம் காண முடியாது என்று லாசரோ பெருமையாக விளக்கினார். மற்றப் பயணிகள் வாயைப் பிளந்தார்கள். நான் பிளக்கவில்லை. ஆறு இல்லாத, சுண்ணாம்புக் கல் நிலத்தில், அடி தெரியாத நிலாவரைக் கிணற்றுக்குச் சைக்கிளில் போகிற தூரத்தில் பிறந்தவனை, பத்து மணித்தியாலம் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய், சுண்ணாம்புக் கல்லில் ஒரு கிணற்றைக் காட்டிய மகன் உலகத்தில் நீ ஒருவன்தான். மீனுக்குக் கடல் காட்டப் போயிருக்கிறாய். எனக்கு ஒரு மஞ்சள் மிதவைச் சட்டையை மாட்டி இறக்கினார்கள். நான் அதில் கப்பல்போல மிதந்தேன், அம்மா கரையில் நின்று உன் சப்பாத்தைக் காவல் காத்தாள். இந்த முறை அதன்மேல் வடை வைக்கவில்லை.

பிறகு கிராம வாழ்க்கை. ஓலை வேய்ந்த வீடு, முற்றத்தில் கோழி, அடுப்பில் வட்டமான தட்டைக் கல். பூவேலை செய்த வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், சோளமா உருண்டையைக் கையால் தட்டித் தட்டி ரொட்டியாக்கி அதில் போட்டுக்கொண்டிருந்தாள். பயணிகள் ஒவ்வொருவராகப் போய் ஒரு ரொட்டி தட்டிப் பார்த்து, கோணலாக வந்ததற்குச் சிரித்து, போட்டோ எடுத்துவிட்டு எழும்பினார்கள். உன் அம்மா போய் இருந்தவள் எழும்பவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் எத்தனை பிள்ளைகள், யாருக்குக் கலியாணம் முடிந்தது, முழங்கால் நோவுக்கு என்ன பூசுகிறாய் என்பதெல்லாம் கையாலேயே பேசி முடித்துவிட்டார்கள். நீ குளிர்பானம் வாங்க வெளியே போயிருந்தாய். லாசரோ தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு வாழ்த்துகள் என்றார். ஆள் மாறிச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் என்னை வேலியோரம் கூட்டிக்கொண்டு போய், பின்னால் இருந்த புல்வெளியைக் காட்டினார். கதிரைகள் இங்கே வரும். பூ வளைவு அங்கே. எங்கள் கிராமத்துப் பூசாரி வந்து சாம்பிராணி போட்டு நான்கு திசைக்கும் வணக்கம் சொல்வார். மழை வந்தால் மட்டும் கூடாரம். மொத்தம் நாற்பது பேர் என்று உங்கள் மகன் எழுதியிருந்தார், இடம் பிடித்திருக்கிறதா, பெற்றோருக்குப் பிடித்தால்தான் முடிவு செய்வேன் என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியை அவர் சொன்னார்தான். என் காதில் அது விழவில்லை, நாற்பது என்ற எண் அதற்கு முன்பே இரண்டு காதையும் அடைத்துவிட்டது. வீடு வந்து சேர்ந்த பிறகு அம்மாதான் அதை எடுத்துச் சொன்னாள். அவள் மாவுக் கையோடு அடுப்படியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் தட்டிய ரொட்டி கல்லில் கருகியது. அந்தப் பெண் எட்டி அதைத் திருப்பிப் போட்டாள். இரண்டு கையிலும் போத்தல்களோடு நீ உள்ளே வந்தாய். எங்கள் முகங்களைப் பார்த்தாய்.

"இரவைக்குச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்," என்றாய்.

மகனே, நீ ஒரு மாயா பெண்ணைக் கட்டுவதாயிருந்தால் அந்தப் புல்வெளியை நானே போய்ப் பெருக்கித் தந்திருப்பேன். நீ கட்டுவது வெம்பிளிப் பெண்ணை. அவளின் தகப்பன் சாவகச்சேரி. லூயிஷாமில் ரயில் ஏறி லண்டன் பிரிட்ஜில் ஒருதரம் மாறினால் சம்பந்தி வீட்டில் தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விடலாம். இந்த இரண்டு வீட்டையும் சேர்த்து வைக்க ஒரு சமுத்திரமும், ஒரு காடும், அடி தெரியாத ஒரு கிணறும், என் செருப்பைத் தின்ற ஒரு மிருகமும் உனக்குத் தேவைப்பட்டிருக்கின்றன.

வானில் திரும்பி வரும்போது நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். சொக்ஸோடு நடந்து உன் காலில் முள் ஏறியிருந்தது. அம்மா உன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, காப்பில் மாட்டியிருந்த ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் யன்னலால் மெக்சிகோ முழுவதையும் மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்த தலையை நிமிர்த்தாமல் அவள் கேட்டாள்:

"சட்டன் பெரியப்பா வீட்டை போய் நான் என்னத்தைச் சொல்லுறது? வீடு வீடாப் போய்க் கலியாணம் சொல்லாமல் என்னெண்டு மோனை இருக்கிறது?"

"வாட்ஸ்அப்பிலை போடுங்கோ அம்மா. எல்லாரும் விளங்கிக்கொள்ளுவினம்."

அவள் ஊசியைக் காப்பில் திரும்ப மாட்டினாள். அதற்குப் பிறகு நீ உன் பக்க நியாயத்தை நீளமாகச் சொன்னாய், பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும். சின்ன வயதிலிருந்து சனி ஞாயிறென்றால் கலியாணமும் சாமத்தியச் சடங்கும்தான், யாரென்றே தெரியாத ஐந்நூறு பேருக்கு நடுவே கழுத்துப்பட்டி இறுக நின்றிருக்கிறாய், எல்லாரும் அங்கிள், எல்லாரும் அன்ரி, யாரும் உன்னோடு ஒரு வசனத்துக்கு மேல் பேசியதில்லை. உன் கலியாணத்திலாவது வந்திருக்கிற ஒவ்வொருவரின் பெயரும் உனக்குத் தெரிய வேண்டும் என்றாய்.

அதற்கு என் பதிலை இப்போது சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர்களில் பாதிப்பேரின் பெயர் தெரியாது. பெட்டிக்கடை அண்ணை, தாடி மாமா, கறுத்தக் கார்க்காரர், உயர்ந்த தங்கச்சியின் புருஷன் என்றுதான் எனக்கும் தெரியும். சட்டனில் இருப்பதால் சட்டன் பெரியப்பா என்கிறோமே, அவர் எனக்கு அண்ணன் முறையா, மாமன் முறையா, முறையே இல்லையா என்று இன்றுவரை யாரும் ஆராயவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்திறங்கியபோது அவர்தான் விமான நிலையத்துக்கு வந்தார். வேறு யாரையோ கூட்டிப்போக வந்தவர். அந்த ஆள் வரவில்லை, நான் நின்றேன், என்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டு முன்னறைக் கம்பளத்தில் படுத்து எழும்பித்தான் நான் இந்த லண்டனுக்கு ஆளானேன். நீ பிறந்தபோது உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அவரின் கார். எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்து படுத்திருந்தபோது, வார்டில் இருந்த நர்ஸ் என்னிடம் வந்து, வெளியே நிற்கிற கூட்டம் யார், ஏதும் ஆர்ப்பாட்டமா என்று கேட்டாள். சொந்தக்காரர் என்றேன். பெயர் கேட்டாள். நான் நித்திரைபோல நடித்தேன். அவர்கள் கொண்டுவந்த புட்டுப் பார்சலை அந்த வார்டே சாப்பிட்டது, இன்னும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பெயர் தெரிந்தவர்கள்தான் நமக்கு வேண்டியவர்கள் என்றால், மகனே, அன்றைக்கு அந்த வார்டு வாசலில் உன்னோடு சேர்த்து நாலு பேர்தான் நின்றிருப்பீர்கள்.

அவர்களின் பிள்ளைகளுக்குக் கலியாணம் வந்தபோது ஒருவரும் எங்களுக்குச் செய்தி அனுப்பவில்லை. வந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள், உள்ளே வந்து இருந்தார்கள், எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அதைத்தான் உன் அம்மா கேட்டாள். மண்டபத்தைப் பற்றியோ மேளத்தைப் பற்றியோ அவள் கேட்கவே இல்லை. நீ வாட்ஸ்அப்பைக் காட்டினாய்.

ஆகவே, இதோ என் தீர்ப்பு. யாழினி, இதைக் கொஞ்சம் நிறுத்தி வாசி.

நான் உன் கலியாணத்துக்கு வருவேன். அந்தப் புல்வெளிக்கே வருவேன். புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்து, அந்தக் கல் மலையின் அடியில் அதைக் கழற்றி வைத்து, உன் அம்மாவோடு இன்னொரு முழுச் சுற்றும் சுற்றுவேன், நீ யாரிடம் என்ன சொன்னாலும். ஆனால் அதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை நீ லூயிஷாமுக்கு வருகிறாய். நாங்கள் மூன்று பேரும் வீடு வீடாகப் போகிறோம். முதலில் சட்டன், அங்கிருந்து குறொய்டன், பிறகு ஆற்றைத் தாண்டி ஹரோ, வெம்பிளி. ஒரு வீட்டையும் விட மாட்டேன். நான் வாயைத் திறக்க மாட்டேன், அம்மாவும் திறக்க மாட்டாள். நீதான் சொல்ல வேண்டும், உன் சொந்தத் தமிழில்: எனக்குக் கலியாணம், அது மெக்சிகோவில், நாற்பது பேருக்குத்தான், நீங்கள் அந்த நாற்பதில் இல்லை. வாசலில் நின்று சொல்லிவிட்டு ஓட முடியாது. உள்ளே கூப்பிடுவார்கள். கதிரை போடுவார்கள். தேத்தண்ணியும் முறுக்கும் வரும், குடித்துத்தான் ஆக வேண்டும். உன் பெயரைச் சொல்லி, நீ குழந்தையாக அவர்கள் மடியில் செய்த அசிங்கங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வார்கள். அவர்களுக்கு உன் பெயர் தெரியும். குடித்து முடித்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவர்களின் முகத்தைப் பார்த்து, உன்னால் சொல்ல ஏலும் என்றால் சொல். எல்லா வீட்டிலும் சொல்லி முடித்த பிறகும் உன் கணக்கு நாற்பதாகவே நின்றால், நான் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அதைப் பற்றி மாதத்துக்கு ஒருதரம் மட்டுமே பேசுவேன்.

வராவிட்டால், இந்தக் கடிதம் முழுவதும், கோவாட்டி உட்பட, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அதில் போடச் சொன்னது நீதான்.

உன் வெள்ளைச் சப்பாத்து படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. மெக்சிகோ மண்ணை அம்மா ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பேப்பர் அடைத்து, கயிறைக் கழுவிக் காயவைத்துத் திரும்பக் கோத்திருக்கிறாள். சனிக்கிழமை இங்கே வந்ததும் நீ அதைத்தான் போட்டுக்கொண்டு எங்களோடு வருகிறாய். இழுத்துவிட்டால் கழன்றுபோகிற செருப்பல்ல அது, கயிறு கட்டுகிற சப்பாத்து. ஒவ்வொரு வாசலிலும் குனிந்து அவிழ்க்க வேண்டும். வெளியே வந்து மறுபடியும் குனிந்து கட்ட வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கோபம் குறையாத,
உன் அப்பா.